மெல்போர்ன்ல ப்ளேன் ஓட்டக் கத்துக்கறது: ஆர்பிஎல் பத்தி எல்லாரும் கேக்குற கேள்விங்க

மூராபின் ஏர்போர்ட்ல சின்ன ப்ளேன் ஓட்டக் கத்துக்கிட்டு லைசென்ஸ் வாங்கி மூணு வருஷம் ஆச்சு. பொங்கல் விழா, பர்த்டே பார்ட்டின்னு எங்க போனாலும் இதே கேள்விங்கதான், பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள தட்டுல இருக்குற பிரியாணி ஆறிப்போயிடுது. அதான் மொத்தமா ஒரு தடவ எழுதி வெச்சுடலாம்னு. நான் இன்ஸ்ட்ரக்டர் எல்லாம் கிடையாது, வாரம் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்குற ஆளு. ரூல்ஸ் அப்பப்ப மாறும், பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ காசா சைட்ல சரிபாத்துக்கங்க.

காசாவா? அது யாரு?

சிவில் ஏவியேஷன் சேஃப்டி அத்தாரிட்டி. ஆஸ்திரேலியால பறக்குறது சம்பந்தமா எதுவா இருந்தாலும் இவங்ககிட்டதான் போகணும். பேர்லயே காசு இருக்குன்னு நம்மாளுங்க மட்டும்தான் சிரிப்பாங்க, போகப்போக நமக்கே சிரிப்பு நின்னுடும்.

ஆர்பிஎல்னா என்ன? நிஜ பைலட் லைசென்ஸ் தானா?

ரெக்ரியேஷனல் பைலட் லைசென்ஸ். 2014 செப்டம்பர்ல புது ரூல்ஸ் வந்தப்ப கூடவே வந்தது. நிஜ லைசென்ஸ் தான், ஆனா சில கட்டுப்பாடு இருக்கு. ஒரே இன்ஜின் இருக்குற ப்ளேன், மேல கிளம்புறப்ப மொத்த எடை 1500 கிலோவுக்குள்ள, பகல் வெளிச்சத்துல, கண்ணால பாத்து ஓட்டுற வானிலைல மட்டும். கிளம்புன இடத்துல இருந்து 25 நாட்டிகல் மைல், அதாவது சுமார் 46 கிலோமீட்டருக்குள்ளயே சுத்தணும். சம்பளத்துக்கு ஓட்ட முடியாது.

46 கிலோமீட்டர் கம்மின்னு தோணும், எனக்கும் தோணுச்சு. மூராபின்ல இருந்து டயாப், டூராடின் ரெண்டு ஊர் ஏர்ஃபீல்டும் அந்த வட்டத்துக்குள்ள வந்துடும், ஃபிலிப் ஐலண்டோட மெயின் ஊரு கௌஸ் கொஞ்சூண்டு வெளிய நிக்கும். எவ்ளோ எரிச்சல்! அப்புறமா நேவிகேஷன் எண்டார்ஸ்மெண்ட்னு ஒண்ணு எடுத்தா இந்த 25 மைல் கணக்கு போயிடும், ஆஸ்திரேலியா முழுக்கப் பறக்கலாம். அதனால ஆர்பிஎல்ல பாதி லைசென்ஸ்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

வயசு?

15ல தனியா பறக்கலாம், 16ல ஆர்பிஎல். மேல வயசு வரம்பு கிடையாது, உடம்பு ஒத்துழைச்சா போதும். கார் லைசென்ஸ் வாங்குறதுக்கு முன்னாடியே ப்ளேன் ஓட்டுற பசங்கள மூராபின்ல சாதாரணமா பாக்கலாம், அம்மா கார்ல கொண்டாந்து விடுவாங்க, பையன் தனியா வானத்துல போய்ட்டு வந்து திரும்ப அம்மா கார்ல ஏறிப் போவான்.

முதல் பாடத்துல உண்மையிலேயே கையில குடுப்பாங்களா, இல்ல சும்மா பக்கத்துல உக்கார வெச்சு சுத்திக் காட்டுவாங்களா?

குடுப்பாங்க. இத டிஐஎஃப்னு சொல்லுவாங்க, ட்ரையல் இன்ஸ்ட்ரக்ஷனல் ஃப்ளைட். அரை மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் இருக்கும். நீங்க உக்காரப்போறது இடது பக்கம், அதாவது கேப்டன் சீட். மெடிக்கல், பரீட்சை எதுவும் இதுக்கு வேணாம். மேல போற நேரம் பாடக் கணக்குல சேரும், லாக்புக் வாங்கி முதல் வரியா எழுதிக்கலாம்.

என் முதல் நாள் எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன். போன்ல புக் பண்றப்பவே "உங்க வெயிட் என்ன"ன்னு கேட்டாங்க, நான் கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த வெயிட்ட சொல்லிட்டேன். அப்படிச் சொல்லாதீங்க. செஸ்னா 152 மாதிரி ரெண்டு சீட் ப்ளேன் மொத்தமே 757 கிலோவுக்குமேல கிளம்பக்கூடாது, நல்லா சாப்பிடுற ரெண்டு பேரு ஏறினா டேங்க் ஃபுல்லா பெட்ரோல் போட முடியாது. அங்க போய் மெஷின்ல ஏத்தி, உண்மை தெரிஞ்சு, செஸ்னா 172ங்கற நாலு சீட் ப்ளேனுக்கு மாத்துனாங்க, அதுக்கு ரேட் ஜாஸ்தி.

அப்புறம் ப்ளேன சுத்தி வந்து செக் பண்ணணும். இறக்கைக்கு அடில ஒரு சின்ன வால்வு இருக்கும், அதுல ஒரு கண்ணாடிக் குழாய்ல பெட்ரோல் பிடிச்சு வெளிச்சத்துல பாக்கணும். அவ்கேஸ், அதாவது ப்ளேன் பெட்ரோல், லேசான நீல கலர்ல இருக்கும், தண்ணி கலந்திருந்தா அடியில தனியா தங்கி நிக்கும், ரேஷன் மண்ணெண்ணெய் கேன்ல பாத்திருப்பீங்களே அதே மாதிரி. அடுத்தது இறக்கை மேல எட்டிப்பாத்து குச்சி விட்டு எவ்ளோ பெட்ரோல் இருக்குன்னு அளக்கணும். உள்ள மீட்டர் இருக்கேன்னு கேட்டேன், "அத நம்பாத"ன்னு இன்ஸ்ட்ரக்டர் சொன்னாரு, அதோட பேச்சு முடிஞ்சது.

தரையில ஓட்டுறதுதான் முதல் அவமானம். கையில இருக்குற யோக் பாக்க ஸ்டீரிங் மாதிரி இருக்கும், ஆனா தரையில ப்ளேன திருப்புறது காலால, ரடர் பெடல மிதிச்சு. இருபது வருஷமா கார் ஓட்டுன கை கேக்கவே கேக்காது. நான் யோக்க முழுசா வலது பக்கம் திருப்பிட்டு இருக்கேன், ப்ளேன் பாட்டுக்கு இடது பக்கம் புல்லு மேல போகப்பாக்குது, இன்ஸ்ட்ரக்டர் அமைதியா ஒரு காலால சரிபண்ணிட்டு "ரெண்டு கையையும் மடியில வை"ன்னாரு.

மேல போனதும் "ஹேண்டிங் ஓவர்"னு சொல்லுவாங்க, நீங்க "டேக்கிங் ஓவர்"னு சொல்லணும். யாரு கையில ப்ளேன் இருக்குன்னு ஒரு நிமிஷம் கூட சந்தேகம் இருக்கக்கூடாது, அதுக்குத்தான் இந்த வாய்ப்பாடு. அதுக்கப்புறம் கவனிச்சீங்கன்னா ஆச்சரியமா இருக்கும், கைய எடுத்தாக்கூட ப்ளேன் தானா நேராப் பறக்கும். நாமதான் இறுக்கிப் பிடிச்சு ஆட்டி வெக்கிறோம். ரெண்டு விரல் போதும். ட்ரிம் வீல்னு ஒண்ணு இருக்கு, அத சரியா வெச்சா அந்த ரெண்டு விரலும் வேணாம்.

பயமா இருக்காதா?

முதல் நாள் பயப்பட நேரமே கிடைக்காது. அஞ்சாவது ஆறாவது பாடத்துல ஸ்டால் சொல்லித்தருவாங்க, அப்ப இருக்கும். ஸ்டால்னா இன்ஜின் நிக்கிறது இல்ல, எல்லாரும் இதுல குழம்புவாங்க. மூக்க ரொம்பத் தூக்குனா இறக்கை காத்த வெட்டுற கோணம் அதிகமாகி, மேல ஒட்டிப் போயிட்டிருந்த காத்து பிச்சுக்கும், தூக்குற சக்தி போயிடும், ப்ளேன் மூக்கு தொப்னு கீழ விழும். அந்த நேரம் மனசு "மேல இழு மேல இழு"ன்னு கத்தும், செய்ய வேண்டியது அதுக்கு நேர் எதிர், முன்னாடி தள்ளணும். தள்ளுனா உடனே சரியாயிடும். நாலஞ்சு தடவ பண்ணுனா பயம் போய் வேடிக்கையாயிடும்.

வாந்தி வருமா?

வரலாம். வெறும் வயித்தோட போகாதீங்க, வயிறு முட்டவும் தின்னுட்டுப் போகாதீங்க. நாலு இட்லி கரெக்டு. மீட்டர உத்து உத்துப் பாக்காம வெளிய தூரமா அடிவானத்தப் பாருங்க. கோடைல மத்தியானம், வடக்குல இருந்து சூடான காத்து அடிக்கிற நாள்ல ப்ளேன் தார் ரோடு போடாத கிராமத்து டவுன் பஸ் மாதிரி குலுங்கும், முதல் பாடத்துக்குக் காலைல முதல் ஸ்லாட் வாங்கிடுங்க.

எத்தன மணி நேரம் பறக்கணும்?

சட்டப்படி குறைஞ்சது 25. அதுல 20 இன்ஸ்ட்ரக்டரோட, 5 தனியா. ஆனா 25ல முடிச்ச ஆள நான் நேர்ல பாத்ததில்ல. வேலைக்குப் போய்ட்டு வாரத்துக்கு ஒண்ணு பறக்குறவங்களுக்கு 35, 40, அதுக்கு மேலயும் ஆகும். எனக்கு 43. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு இழுத்தீங்கன்னா ஒவ்வொரு பாடத்துலயும் பாதி நேரம் போன பாடத்த ஞாபகப்படுத்தவே போயிடும், காசு மிச்சம் பண்றோம்னு நெனச்சு ஜாஸ்தி செலவு பண்ற வேல அது.

செலவு?

இன்ஸ்ட்ரக்டரோட சேத்து மணிக்கு 350ல இருந்து 500 டாலர் வரைக்கும், ப்ளேன் எது, ஸ்கூல் எதுங்கறத பொறுத்து. 40 மணி நேரம்னு வெச்சாலே கணக்கு எங்க போகுதுன்னு தெரியுதுல்ல. மேல மெடிக்கல், புக்கு, லேண்டிங் ஃபீஸ், டெஸ்ட் ஃபீஸ் எல்லாம் இருக்கு. மொத்தம் 20,000 டாலர்னு மனசுல வெச்சுக்கங்க, கம்மியா முடிஞ்சா சந்தோஷம்.

இதுல ஒண்ணே ஒண்ணு அழுத்தமாச் சொல்றேன். மொத்தமா முன்பணம் கட்டாதீங்க. "இப்பவே 10,000 கட்டினா டிஸ்கௌண்ட்"னு கூப்பிடுவாங்க, ஸ்கூல் நாளைக்கு மூடிட்டா பணம் அவ்ளோதான், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அப்படி இழந்திருக்காரு. பறந்தமா, இறங்குனமா, கார்ட தேச்சமா, அவ்ளோதான்.

மெடிக்கல் கஷ்டமா? எனக்கு கண்ணாடி, சுகர், பிரஷர்...

கண்ணாடி பிரச்னையே இல்ல. வழக்கமான வழி கிளாஸ் 2 மெடிக்கல், காசா அங்கீகரிச்ச டாக்டர்கிட்ட போகணும், 40 வயசுக்குள்ளன்னா 4 வருஷம் செல்லும், தாண்டிட்டா 2 வருஷம். 2024ல கிளாஸ் 5னு நாமளே உறுதிமொழி குடுக்குற முறையும் வந்திருக்கு, ஆனா அதுல நம்மகூட ஒருத்தரத்தான் கூட்டிட்டுப் போகலாம், 10,000 அடிக்குக் கீழதான் பறக்கணும், சில நோய் இருந்தா அந்த வழியே கிடையாது. சுகருக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்குறவங்க, ஹார்ட் பிரச்னை இருந்தவங்க, கலர் பிரிச்சுப் பாக்குறதுல சிரமம் இருக்குறவங்க எல்லாம் ரெண்டாவது பாடத்துக்கு முன்னாடியே டாக்டரப் பாத்துடுங்க. நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு நாப்பதுக்கு மேல சுகர், 15 மணி நேரம் பறந்து முடிச்சு தனியாப் போகலாம்ங்கற நேரத்துல மெடிக்கல் இழுத்தடிச்சா மனசு விட்டுப்போயிடும்.

பேப்பர் வேல வேற என்ன இருக்கு?

ஏஆர்என்னு காசாகிட்ட ஒரு நம்பர், அது சும்மா. ஏர்போர்ட் செக்யூரிட்டி கார்டு ஏசிக், போலீஸ் செக் எல்லாம் பண்ணிக் குடுப்பாங்க, 2 வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும். இங்கிலீஷ் சுமாராப் பேசத் தெரியணும்னு ஒரு ரூல் இருக்கு, இங்க வேல பாக்குறவங்களுக்கு அது பெரிய விஷயமில்ல.

பரீட்சை?

தனியாப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு, ட்ரெய்னிங் ஏரியாவுக்குத் தனியாப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு, அப்புறம் ஆர்பிஎல் தியரி. எல்லாம் ஸ்கூல்லயே எழுதலாம். தியரிக்கு பாஸ் மார்க் 70. தப்பா எழுதுன ஒவ்வொரு கேள்வியையும் குறிச்சு வெச்சு டெஸ்ட் அன்னைக்கு எக்ஸாமினர் அதையே வாய்ல கேப்பாரு, நம்ம ஊர் மாதிரி பரீட்சை முடிஞ்சதும் மறந்துடலாம்னு இங்க முடியாது.

ரேடியோல நம்ம இங்கிலீஷ் புரியுமா?

புரியும். பிரச்னை நம்ம பேசுறது அவங்களுக்குப் புரியுறது இல்ல, அவங்க பேசுறது நமக்குப் புரியாதது. மூராபின் கண்ட்ரோல் டவர்ல வேகமா பேசுவாங்க, ஒரே நேரத்துல ஏழெட்டு ப்ளேன் சுத்திட்டு இருக்கும். ஆனா எல்லாமே ஒரே மெட்டு. நீ யாரு, எங்க இருக்க, எவ்ளோ உயரம், என்ன வேணும். "மூராபின் டவர், செஸ்னா, கேரம், ஒன் தௌசண்ட் ஃபைவ் ஹண்ட்ரெட், இன்பௌண்ட், ரிசீவ்ட் ப்ராவோ", இவ்ளோதான். கேரம் நாம இருக்குற இடம், ஒரு கடலோர ஊரு. இன்பௌண்ட்னா இறங்க வர்றேன்னு அர்த்தம். கடைசில இருக்குற ப்ராவோ அந்த நேரத்து வானிலை ரெக்கார்டிங்க கேட்டாச்சுன்னு சொல்றதுக்கு. அவங்க சொன்னத அப்படியே திருப்பிச் சொல்லணும். நான் ரெண்டு வாரம் ரயில்ல ஆபீஸ் போறப்ப ரெக்கார்டிங் கேட்டுக்கிட்டே வாய்க்குள்ள முணுமுணுத்தேன், பக்கத்துல இருந்தவங்க நான் சஷ்டி கவசம் சொல்றேன்னு நெனச்சிருப்பாங்க. புரியலன்னா "சே அகெய்ன்"னு கேளுங்க, புரிஞ்ச மாதிரி தலையாட்டுற பழக்கத்த கீழயே விட்டுட்டு வாங்க.

கம்ப்யூட்டர் சிமுலேட்டர்ல நல்லா ஓட்டுவேன், அது உதவுமா?

ரேடியோவுக்கும் செக்லிஸ்ட்டுக்கும் உதவும். பறக்குறதுக்குக் கெடுதல். சிமுலேட்டர் ஆளுங்க எல்லாரும் மீட்டரயே பாத்துட்டு இருப்பாங்க, என் இன்ஸ்ட்ரக்டர் மீட்டர் மேல ஒரு சீட்டுக் காகிதத்த ஒட்டி மறைச்சுட்டாரு. வெளிய பாக்கணும், அடிவானம் கண்ணாடில எந்த இடத்துல வருதுன்னு பாத்தே வேகத்த சொல்ற அளவுக்கு வரணும்.

எதுதான் ரொம்பக் கஷ்டம்?

லேண்டிங். வேற எதுவும் பக்கத்துல கூட வராது.

சர்க்யூட்னு சொல்லுவாங்க. கிளம்பி, ஆயிரம் அடி ஏறி, ரன்வேய சுத்தி ஒரு செவ்வகமா வந்து, இறங்கி, சக்கரம் தொட்டதும் திரும்ப பவர் குடுத்துக் கிளம்பணும். ஒரு சுத்துக்கு ஆறேழு நிமிஷம். ஒரு பாடத்துல ஏழெட்டு லேண்டிங் வரும், டவர் பிஸியா இருந்தா அஞ்சு. கோயில் பிரகாரம் சுத்துற மாதிரி சுத்திட்டே இருக்கணும், புண்ணியம் எப்ப கிடைக்கும்னு தெரியாது.

கஷ்டம் எங்கன்னா கடைசி பத்து செகண்ட்ல. 65 நாட் வேகத்துல கீழ வந்து, தரைக்குப் பக்கத்துல மூக்க மெதுவா நிமித்தி, பவர எடுத்துட்டு, இறங்க விடாம பிடிச்சுட்டே இருக்கணும், பிடிக்கப் பிடிக்க வேகம் குறைஞ்சு அதுவா உக்காரணும். சீக்கிரம் இழுத்தா பலூன் மாதிரி மேல போயிடும், லேட்டா இழுத்தா தரையில அடிச்சு எகிறும். எனக்கு 12வது மணி நேரத்துல இருந்து 19வது மணி நேரம் வரைக்கும் ஒரு முன்னேற்றமும் இல்ல. ஒரு நாள் நல்லா இறங்கும், அடுத்த வாரம் மறுபடியும் குட்டிச்சுவர். வீட்டுக்கு வந்து "எனக்கு வராது, விட்டுடறேன்"னு சொன்னேன், வீட்டுக்காரம்மா "இவ்ளோ கட்டினதுக்கு அப்புறமா?"ன்னு கேட்டா.

சரியானது எப்படின்னா, வேற இன்ஸ்ட்ரக்டர் ஒருத்தர் ஒரு நாள் வந்தாரு, ரெண்டு சுத்து பாத்துட்டு "நீ மூக்குக்கு முன்னாடி இருக்குற தரையப் பாக்குற, ரன்வேயோட அந்தக் கடைசியப் பாரு"ன்னாரு. பார்வைய தூரத்துக்குக் கொண்டு போனதும் எவ்ளோ உயரத்துல இருக்கோம்னு கண்ணுக்கே தெரிய ஆரம்பிச்சுது. அதனால ஒரே இடத்துல சிக்கிட்டீங்கன்னா ஒரு தடவ ஆள மாத்திப் பாருங்க, உங்க இன்ஸ்ட்ரக்டர் கோச்சுக்க மாட்டாரு.

இன்னொண்ணு, இறங்குறது பிடிக்கலன்னா பவர் குடுத்து மறுபடியும் மேல போயிடணும், கோ அரௌண்ட். இத தோல்வின்னு நெனைக்கிறவங்கதான் ப்ளேன உடைக்கிறாங்க.

முதல் தடவ தனியாப் போறது எப்படி இருக்கும்?

சொல்லிட்டு விட மாட்டாங்க. மூணு சுத்து நல்லாப் போச்சு, "நிறுத்து, நான் இறங்கிக்கறேன், ஒரு சுத்து போய்ட்டு வா"ன்னாரு. கதவ சாத்திட்டு நடந்து போயிட்டாரு. ஒரு ஆள் எடை குறைஞ்சதுல ப்ளேன் படக்குனு கிளம்பிடுச்சு, எப்பவும் திரும்புற இடத்துக்கு முன்னாடியே ஆயிரம் அடி வந்துடுச்சு. பக்கத்து சீட்ட திரும்பிப் பாத்தேன், பெல்ட் மட்டும் கிடந்துச்சு. அப்ப எனக்கு நானே சத்தமா பேசிட்டு இருந்தேன், தமிழ்ல, "டேய் ஸ்பீட பாரு, ஸ்பீட பாரு"ன்னு. லேண்டிங் சுமார்தான். டவர்ல இருந்து வாழ்த்து சொன்னாங்க.

நடுவானத்துல இன்ஜின் நின்னா?

கல்லு மாதிரி விழாது. செஸ்னா 172 ஒரு மடங்கு கீழ இறங்குறதுக்குள்ள ஒம்போது மடங்கு தூரம் முன்னாடி போகும், 3000 அடில நின்னா காத்து இல்லாத நாள்ல கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர். அதுக்குள்ள ஒரு வயல் பாத்து, பெட்ரோல், கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்கு சூடு குடுக்குறது)னு ஒவ்வொண்ணா செக் பண்ணி, ரேடியோல ஆபத்துன்னு மேடே சொல்லி இறங்கணும். கார்ப் ஹீட்ட மறக்காதீங்க, மெல்போர்ன் ஈரக்காத்துல கார்புரேட்டர் உள்ள ஐஸ் கட்டும், வெளிய 15 டிகிரி இருந்தாக்கூட. பாடம் நடக்குறப்ப இன்ஸ்ட்ரக்டர் சொல்லாமக் கொள்ளாம பவர எடுத்துட்டு "இப்ப என்ன பண்ணுவ"ன்னு கேப்பாரு. ஃபைனல் டெஸ்ட்ல நான் தேர்ந்தெடுத்த வயலுக்கு நடுவுல ஒரு கரண்ட் கம்பி போனது 600 அடில தான் தெரிஞ்சது. இன்னொரு நாள் வந்து அந்தப் பகுதிய மட்டும் மறுபடி காட்டச் சொன்னாங்க.

பாதி நாள் கேன்சல் ஆகுதாமே?

ஆகும். ஒரே நாள்ல நாலு சீசன் வர்ற ஊரு இது. ஜூன், ஜூலைல மூணு வாரம் தொடர்ந்து போகாம இருந்திருக்கேன். மேகம் தாழ்வா இருக்கும், இல்ல குறுக்குக் காத்து. கிளம்பிப் போய், ப்ளேன் எல்லாம் செக் பண்ணி, வானத்தப் பாத்து, திரும்பி வர்றதும் பாடம்தான். லைசென்ஸ் வந்த அப்புறம் யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க, நீங்களேதான் சொல்லிக்கணும், அதுவும் பின்சீட்ல மாமா குடும்பம் ட்ரெஸ் பண்ணிட்டு வந்து நிக்கிறப்ப.

முந்தின நாள் பார்ட்டி இருந்தா?

குடிச்சு முடிச்சு 8 மணி நேரம் கழியாம பறக்கக்கூடாது. நான் முந்தின நாளே தொடறதில்ல.

இத வெச்சு இந்தியால பறக்கலாமா? பையன ஏர்லைன்ஸ் பைலட் ஆக்க இது போதுமா?

ஆர்பிஎல் சர்வதேச லைசென்ஸ் வகைல வராது, ஆஸ்திரேலியாவுக்கு மட்டும். ஆனா பறந்த மணி நேரம் எங்கயும் போகாது, அப்படியே பிபிஎல் (ப்ரைவேட் பைலட் லைசென்ஸ்), சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) ரெண்டுக்கும் கணக்குல சேரும். பையனுக்குன்னா அவனையே முதல்ல ஒரு டிஐஎஃப் அனுப்புங்க, அப்புறம் பேசலாம். ஆசை அவனுக்கா உங்களுக்கான்னு அரை மணி நேரத்துல தெரிஞ்சிடும்.

யாரையெல்லாம் கூட்டிட்டுப் போகலாம்?

கிளாஸ் 2 இருந்தா சீட்டு, எடை ரெண்டும் இடம் குடுக்குற வரைக்கும். கடைசி 90 நாள்ல 3 தடவ கிளம்பி இறங்கியிருக்கணும், இல்லன்னா ஆள் ஏத்தக்கூடாது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ இன்ஸ்ட்ரக்டரோட ரிவியூ.

ஊர்ல இருந்து வந்திருந்த எங்கம்மாவ கூட்டிட்டுப் போனேன். டயாப் பக்கம் போய்ட்டு, ஃப்ராங்ஸ்டன் தாண்டி கடலோரமா கேரம் நோக்கி வர்றப்ப, வலது பக்கம் உள்ள தள்ளி கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் தெரியும். அம்மா உக்காந்திருந்தது அந்தப் பக்கம். "அம்மா, கோயில் மேல ஒரு சுத்து போலாமா, டவர்கிட்ட கேக்குறேன்"னேன். "கோபுரத்துக்கு மேல ஏறிப் போறதாவது, தள்ளி ஓட்டுடா"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. இப்பவும் அந்தப் பக்கம் தனியா வர்றப்பக் கூட கோயிலுக்குத் தள்ளியே வர்றேன்.